இருபத்தெட்டாம் கலவை

நைலானை உடைப்பது என் வேலை.
ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆய்வுக்கூடம் என்றால்
பழைய சைக்கிள் ஷெட்டுக்கு ஒரு ஏசி.
இழுத்து அறுக்க ஓர் எந்திரம்,
அடித்து முறிக்க ஓர் ஊசல் சுத்தியல்.
துண்டின் விலாவில் சின்னதாய்க் கீறிவிட்டு
கீறிய இடத்திலேயே அடிப்போம்.
குரூரம்தான்.
உலகமும் அப்படித்தான் அடிக்கும் என்பார் ஏகாம்பரம் சார்.

சித்திரை முடிவதற்குள் நௌஷாத் பாய் வந்துவிட்டார்,
மேல்விஷாரத்துத் தோல் ஷெட்காரர்.
கைக்குட்டை முடிச்சை மேசையில் அவிழ்த்தார்:
ஏழு பற்கள்.
பால்பல் விழுந்த பிள்ளையின் தகப்பன் முகம்.
"குரோம் தண்ணி இரும்பைத் தின்னுதுன்னுதானே
உங்க பிளாஸ்டிக் சக்கரம் மாட்டினேன்.
முதல் வாரம் தாண்டிட்டா மூணு வருஷம் ஓடுது.
முதல் வாரம்தான் தாண்ட மாட்டேங்குது."

தாண்டவைக்கப் பார்த்தோம்.
கண்ணாடி இழையை ஏற்றினோம், இறக்கினோம்,
ரப்பர் சேர்த்தோம், மெழுகு சேர்த்தோம்.
குருணையை எண்பது டிகிரியில் ராத்திரி முழுக்கக் காயவைத்து,
ஒரு சொட்டு ஈரமில்லாமல் உருக்கி,
இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.
பித்யாதர் அச்சிலிருந்து சுடச்சுட எடுத்துத் தருவான்,
நான் சுடு ஆறியதும் உடைப்பேன்.
டக்.
டக்.
அந்தச் சத்தத்தில் ஒரு மே மாதம் போனது.

ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு நீல வாளி.
கூட்டும்போது பார்த்தேன், அடியில் ஐந்து துண்டு,
முதுகில் மார்க்கர் பேனா எழுத்து: 28.
எப்போதோ மேசையிலிருந்து விழுந்திருக்கிறது.
கணக்கில் ஐந்து குறைகிறதே என்று
துடைத்து, சுத்தியலுக்குக் கீழே வைத்தேன்.

சுத்தியல் போனது.
தொப் என்று ஒரு சத்தம், ஈரத்துணியை உதறினாற்போல்.
துண்டு மடங்கிக் கிடந்தது.
உடையவில்லை.
இரண்டாவதும். ஐந்தும்.

"எந்தக் கலவைம்மா?"
"இருபத்தெட்டு சார். தோத்துப் போச்சுன்னு எழுதினோமே."
"என்ன சேர்த்தே?"
"தண்ணி."

வெகுநேரம் பேசவில்லை அவர்.
பிறகு அலமாரியிலிருந்து தம் காலேஜ் புத்தகத்தை எடுத்தார்.
அந்த வரி அங்கேயே இருந்தது,
இருபது வருடத்துக்கு முன் அவர் கையாலேயே
சிவப்பு மையில் அடிக்கோடிட்டபடி:
நைலான் தண்ணீர் குடிக்கும்; குடித்த பிறகுதான் வளையும்.

கோட்டைக்கு ராஜா இல்லை, ஆற்றுக்குத் தண்ணி இல்லை
என்று எங்கள் ஜில்லாவைக் கிண்டல் செய்வார்கள்.
நாங்கள் பங்குக்கு ஒன்று செய்து
பெட்டி பெட்டியாய் அனுப்பியிருக்கிறோம்.
தோல் ஷெட்டின் ஈரத்தில் மெல்ல மெல்லக் குடித்துத் தேறியவை
மூன்று வருடம் ஓடின.
குடிக்குமுன்னே சுமை விழுந்தவை
கைக்குட்டையில் வந்தன.

அன்றிரவு கேன்டீன் இட்லிக் குண்டானில்
பன்னிரண்டு சக்கரம் வேகவைத்தோம்.
காலையில் தராசு இரண்டரை சதம் கூடக் காட்டியது.
கூடவே உடம்பும் ஊதியிருந்தது,
ஒரு நூல் தடிமன்,
ஜோடிச் சக்கரத்தோடு பல் பொருந்தவில்லை.
அச்சைத் திருத்த ஒன்றரை லட்சம் ஆகும்.
முதலாளி கோயம்புத்தூரிலிருந்து இன்னும் திரும்பவில்லை.

ஷிப்ட் முடிந்து ஆற்காட்டு பஸ்ஸில் ஜன்னலோரம்.
பாலம் முழுக்க மணல், நடுவில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள்.
எதிரே ஒரு தண்ணீர் லாரி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு
தோல் ஷெட்டுகள் பக்கம் போகிறது.
எங்கே மொண்டது என்று யாரைக் கேட்க.
என் பாட்டிலில் பாதி இருந்தது, குடித்தேன்.

திங்கட்கிழமை வாங்கவேண்டிய சாமான் பட்டியலில்
கேன்டீன் மல்லிகேஸ்வரி அக்கா பக்கத்தில் நின்று எழுதவைத்தது:
இட்லிக் குண்டான், பெரியது, ஒன்று.
எதற்கு என்ற கட்டத்தில் ஏகாம்பரம் சார் எழுதினார்,
ஆய்வுக் கருவி.